பதினாறு பாகம்

இன்னாசி பதினாறு பாகம் ஆழத்துக்கு இறங்கி இடுப்புப் பையில் ஏழு சங்கோடு மேலே வந்த அன்றைக்கு, அந்த ஆழமும் அவன் கூடவே ஏறி வந்து, வள்ளத்தில் உட்கார்ந்து, கரை சேர்ந்து, அவன் வீட்டுக் கட்டிலில் அவனுக்குள்ளேயே படுத்துக்கொண்டது.

கல்லாமுனையில் யாரும் அதை முதலில் ஆழம் என்று நினைக்கவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் நெஞ்சு பிழிந்து மேலே வருவதும், வெளிறிய சிவப்பில் நுரை துப்புவதும், மூன்று நாள் சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துவிட்டு நாலாம் நாள் எழுந்து நடப்பதும் அங்கே எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். பத்துப் பாகத்துக்குக் கீழே போனால் கடல் தன் பாரத்தை எல்லாம் எடுத்து ஆளின் நெஞ்சில் வைக்கும், நுரையீரல் சுருங்கிச் சுருங்கிக் கைப்பிடிக்குள் அடங்கும், அதற்கு மேலும் சுருங்க இடமில்லை என்றால் உள்ளே ரத்தம் கசியும் என்பது அங்கே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மூன்றாம் நாள் காலையில், இன்னாசியின் மனைவி தெக்லா கட்டிலடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில், மூடி இறுக்கியபடியே, யாரோ கையால் பிழிந்ததுபோல் நசுங்கிக் கிடந்தது. அவள் அதை வாசலுக்கு எடுத்து வந்தாள். பாட்டில் படபடவென்று ஓசையிட்டு நிமிர்ந்தது. திரும்ப உள்ளே கொண்டு போனாள், நசுங்கியது. மூன்று முறை அப்படிச் செய்து பார்த்துவிட்டு, கட்டிலருகே முட்டி போட்டு, புருஷனின் நெஞ்சில் காதை வைத்தாள். உள்ளே, கடலடியில் பாறை இடுக்குகளில் இறால்கள் சொடுக்குப் போடுகிற சத்தம், சட்டியில் அரிசி பொரிவதுபோல், விடாமல் கேட்டது. அவள் காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

"என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

"வெளிச்சம் ரொம்ப மேல கெடக்கு," என்றான் இன்னாசி. அவன் கண் ஓட்டுக் கூரையைத் தாண்டி எங்கோ பார்த்தது.

கல்லாமுனைக்கு ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்திலிருந்து பிடிக்கிறவன் அவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும், அதாவது மனைவியின் உடன்பிறந்தவன், ஏனென்றால் தங்கச்சியின் தாலியை நினைத்துக்கொண்டு பிடிக்கிற கை சும்மா பிடிக்காது. கயிற்றைப் பிடித்தால் மட்டும் போதாது. கீழே இவன் மூச்சை இழுத்துக்கொண்டு முங்குகிற அதே நொடியில் மேலே அவனும் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும், தன் நெஞ்சு முட்டும்போது கயிற்றை இழுக்க வேண்டும், இவன் கை வள்ளத்து விளிம்பைத் தொட்ட பிறகுதான் அவன் மூச்சு விட வேண்டும். இரண்டு பேரும் ஒரே மூச்சைப் பிடித்திருந்தால் ஆழம் கயிற்றின் வழியாகப் பாதிப் பாதியாகி, ஒருவரையும் சேராமல் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

அன்றைக்குக் கயிறு பிடித்தவன் தெக்லாவின் அண்ணன் சந்தியாகு. இன்னாசி முங்கியிருந்த நேரம் பக்கத்து வள்ளத்திலிருந்து ரெமிஜி கூப்பிட்டுக் கேட்டான்: "சந்தியாகு, தெக்லா உண்டாயிருக்காளாமே?" கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. சந்தியாகுக்கு அடக்க முடியவில்லை. "ஆமாலே! அஞ்சு மாசம்!" என்று கத்திவிட்டான். கத்திய உடனேயே வாயை மூடிப் புதிதாக ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான்தான், ஆனால் அது வேறு மூச்சு.

இதை அவன் ஒருவரிடமும் மறைக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

"வாயை மூடிட்டு இருக்க மாட்டியாலே நீ?" என்றாள் அவன் அம்மா மதலேன்.

"சந்தோசம்மா," என்றான் அவன்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஹமீதா ஆம்புலன்ஸ் வரவழைத்து, தெக்லாவையும் ஏற்றிக்கொண்டு, இன்னாசியை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். எக்ஸ்ரே படத்தில், நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கைப்பிடி அளவு நிழல் இருந்தது. சின்ன வயசு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தண்ணிக்கு அடியில இருக்கிற ஆளோட நெஞ்சு. நல்லா கசியுது. இப்படியே விட்டா ஒரு வாரம்தான் தாங்கும். முதல்ல இவரை மேல கொண்டு வாங்க," என்றார். சொன்ன பிறகுதான் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிற ஆளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் வைத்த ஆக்சிஜன் குழாயும் நசுங்கி ஒட்டிக்கொண்டது. ஹமீதா மட்டும், அவர் மாத்திரை எழுதிக் கொடுத்ததைப் போலத் தலையாட்டிவிட்டு, "சரி டாக்டர், கொண்டு வந்திருதோம்," என்றாள்.

எப்படி என்று அவளுக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும், சொட்டு மருந்து முகாமில் மிஞ்சிய பலூன் ஒன்றை வாசலில் தேங்காய் அளவுக்கு ஊதிக் கட்டி, கட்டிலருகே கொண்டு வந்தாள். அது கொய்யாக்காய் அளவுக்கு ஒடுங்கியது. அதை அப்படியே கட்டில் தலைமாட்டில் கட்டித் தொங்கவிட்டாள். அதன் கீழே சந்தியாகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், மூலையில் சுருண்டு கிடந்த குளிக்கயிற்றை எடுத்து ஒரு முனையை இன்னாசியின் இடுப்பில் கட்டி மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, அவன் மூச்சை இழுக்கிற நொடியைப் பார்த்திருந்து, தானும் இழுத்துப் பிடித்தான். கயிறு விறைத்தது. சந்தியாகின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. இன்னாசியின் நெஞ்சு ஒரு விரற்கடை உயர்ந்தது. கொய்யாக்காய் பலூன் கொஞ்சம் பெருத்தது.

"ஒரு பாகம் வந்துட்டு!" என்றாள் ஹமீதா. "மச்சான் கைக்கு வருது!"

சந்தியாகு திரும்பவும் பிடித்தான். கயிறு வெறும் கயிறாகக் கிடந்தது. பத்துத் தடவை பிடித்தான். ஒருவர் கைக்கு ஒரு பாகம்தான் என்பது அவனுக்குப் புரிந்தபோது, பெரிய ஆள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான்.

அதன் பிறகு ஊரிலேயே பெரிய நெஞ்சுக்காரர்களான இன்னாசியின் தம்பியும் சித்தப்பா மக்களும், இருபது பாகம் போய்த் திரும்புகிறவர்கள், வரிசையாக வந்து கயிற்றைப் பிடித்தார்கள். கயிறு அசையவில்லை. அவர்கள் பங்காளிகள். ஆழத்துக்கு முறை தெரிந்திருந்தது. மீதிப் பதினைந்து பாகத்துக்கு மச்சான்கள் வேண்டும், தெக்லாவுக்கோ இருப்பது ஒரே அண்ணன்.

"அப்ப உடன்பிறந்ததுகளை உண்டாக்கணும்," என்றாள் தெக்லா.

ஊர் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. எப்படி உண்டாக்குவது என்றுதான் யோசித்தது. கோயில் வாசலில் கூடி, மதலேன் தன் கையால் ஓர் உருண்டை சோறு ஊட்டி, 'மக்கா' என்று கூப்பிட்டால், கூப்பிடப்பட்டவர் அந்த நேரம் முதல் அவள் பிள்ளை, தெக்லாவின் கூடப் பிறந்தவர் என்று முடிவாயிற்று. ஆணோ பெண்ணோ, வயிறு ஒன்றுதானே என்றாள் ஹமீதா. முதல் உருண்டையும் அவளே வாங்கிக்கொண்டாள். நேரே போய்க் கயிற்றைப் பிடித்தாள். கயிறு விறைத்தது. கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க உம்மாகிட்ட யாரு சொல்லுறது?" என்று சிரித்தாள்.

ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது அவ்வளவு லேசாக இல்லை. ஒரு பாகம் ஆழத்தை நெஞ்சில் வாங்குவதற்கு ஒருவரும் பயப்படவில்லை. முறை மாறுவதற்குத்தான் பயந்தார்கள். கோயில் உபதேசியார் கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, யார் தெக்லாவுக்கு உடன்பிறப்பு ஆனால் யாருக்கு யார் என்ன ஆவார்கள் என்று கிளை கிளையாக வரைந்தார். தையல்காரர் காணிக்கையின் மனைவி ஜெனோவாதான் முதலில் ஓடி வந்தவள். அவள் மகளை இன்னாசியின் தம்பிக்குப் பேசி வைத்திருந்தது.

"நீ தெக்லாவுக்கு அக்கா ஆயிட்டா, உன் மக தெக்லாவுக்கும் மக," என்றார் உபதேசியார். "மாப்பிள்ளை அவளுக்குச் சித்தப்பன் ஆயிருதான். கல்யாணம் நடக்காது."

ஜெனோவா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வேற வழி?"

"உன் வீட்டுக்காரர் பிடிக்கட்டும். அவர் அண்ணன் ஆனா உன் மகளுக்கு தெக்லா அத்தை, மாப்பிள்ளை மாமன் முறை. தாராளமா கட்டலாம்."

"அவரா? துணியில ஒட்டின சாக்கட்டித் தூளை ஊதக்கூட மூச்சு இல்லாத மனுசன்!"

"அம்மா பிடிச்சா கல்யாணம் கெட்டுது. அப்பா பிடிச்சா கெடல. நான் என்ன செய்ய?"

காணிக்கை வந்தார். உருண்டையை வாங்கி மென்று விழுங்கி, கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கயிற்றைப் பிடித்தார். நூறு எண்ணும்வரை மூச்சை விடவில்லை. பலூன் பெருத்தது. ஜெனோவா அன்றைக்குத்தான் தன் புருஷனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த விருதுநகர்க்காரர்கள் இரண்டு பேருக்கு ஊரில் ஒரு சொந்தமும் இல்லாததால் நோட்டில் அவர்களுக்குக் கோடே தேவைப்படவில்லை. முதல்முறையாக ஒருத்தி தங்களை மக்கா என்று கூப்பிட்டதைக் கேட்டு இரண்டு பேரும் இன்னொரு உருண்டை கேட்டு வாங்கினார்கள். டீக்கடைக்காரர் வந்தார். ரேஷன் கடையில் எடை போடுகிற பெண் வந்தாள். ஆசிரியை வந்தார். சண்டை போட்டு நாலு வருஷமாகத் தெக்லாவிடம் பேசாத எதிர்வீட்டுக்காரி வந்து, பேசாமலே பிடித்துவிட்டுப் போய், வாசலில் நின்று, "கஞ்சியில உப்பு கொறச்சுப் போடு," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் மதலேன் அடுப்பை விட்டு நகரவில்லை. இரண்டே பிள்ளை பெற்றவள், ஆறாம் நாள் உச்சிப் பொழுதுக்குள் பதினைந்து பிள்ளைக்குத் தாயாகி, சோறு உருட்டி உருட்டி வலித்த மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

வாங்கிய ஆழம் வாங்கியவர்களிடமே தங்கியது. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. டீக்கடையில் தொங்கிய சிப்ஸ் பொட்டலங்கள் கொஞ்சம் தொய்ந்தன. கடைக்காரர் அவற்றைக் கடைக்கு வெளியே மாட்டினார். காணிக்கைக்கு ஒரு காது அடைத்துக்கொண்டது. ஜெனோவா மறுபக்கம் போய் நின்று பேசக் கற்றுக்கொண்டாள். ஆசிரியை பாடம் நடத்தும்போது முதல் வரிசைப் பிள்ளைகள் அடிக்கடி எச்சில் விழுங்கினார்கள். ஒருவரை ஒருவர் தெருவில் பார்த்தால் மூக்கின் கீழ்ப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். பாரம் இருந்தது, ஆனால் ஓர் ஆள் தாங்குகிற பாரம்.

தெக்லா கட்டிலை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு கை கயிற்றைப் பிடிக்கும்போதும் புருஷனின் நெஞ்சு ஒரு படி ஏறுவதை, விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரிவதை, உதட்டில் நுரை குறைவதை, இறால் சத்தம் தூரத் தூரமாய்க் கேட்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மனிதன் எட்டுக்குப் பத்து அறைக்குள், கட்டிலை விட்டு அசையாமல், கடலின் அடியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தான். சில நேரம் அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. பெரிய கோயிலுக்குள் நுழைந்தவள் மாதிரி, சேலையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினைந்தாவது ஆளாக உபதேசியாரே நோட்டை மூடிவிட்டுப் பிடித்தார். ஒரு பாகம் மிச்சம் இருந்தது.

குளிக்கிறவர்களுக்குக் கடைசிப் பாகம்தான் பயம். அடியில் சுருங்கிக் கிடந்த நெஞ்சு மேலே வர வர விரிந்து, வெளிச்சம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்போது, ரத்தத்தில் மிஞ்சிய காற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆள் சிரித்த முகத்தோடு மயங்கித் தண்ணீருக்கு ஒரு பாகம் கீழே நின்றுவிடுவான். இன்னாசியின் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. கண் மேலே சொருகியது.

"தெக்லா," என்றாள் ஹமீதா, நாடியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஓராளு. சீக்கிரம்."

மற்றவர்கள் எல்லாம் இன்னாசிக்குப் பங்காளிகள், இல்லையென்றால் முறை மாறினால் ஏதாவது ஒரு கல்யாணம் கெடுகிறவர்கள்; உபதேசியாரின் நோட்டில் ஒரே ஒரு பெயர்தான் பாக்கி. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

ரெமிஜி தெக்லாவின் அத்தை மகன். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். பெண் கேட்டு வந்தபோது, அப்போது உயிரோடிருந்த தெக்லாவின் அப்பா மறுத்துவிட்டார். அவன் வேறு பெண் பார்க்கவில்லை. முப்பத்து நாலு வயதாகியும் பார்க்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஆறு வருஷம் ஆயிற்று; அவன் எதிரே வந்தால் அவள் வேலி ஓரமாக ஒதுங்கிப் போவாள், அவள் வந்தால் அவன் கடலைப் பார்ப்பான். முறை இருந்து கட்டாதவர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும்.

தெக்லா வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மணலில் நடந்தாள். ரெமிஜி கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். ஆறு நாளாக அவன் கடலுக்குப் போகவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து கடலைப் பார்த்து நின்றான்.

"ஒரு பாகம் மிச்சம் இருக்கு," என்றாள் தெக்லா.

"கேள்விப்பட்டேன்."

"வேற ஆளு இல்ல."

"நான் ஒரு பேச்சு கேட்டேன், அவ்வளவுதான்," என்றான் அவன், கடலிடம் சொல்வதுபோல். "மனசுக்குள்ள வச்சிருக்க முடியாமக் கேட்டுட்டேன். உண்டாயிருக்காளான்னு. நல்லதுதானேன்னு நெனச்சுத்தான் கேட்டேன். சத்தியமா."

"தெரியும்."

"அந்தாளு சாகணும்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல."

"தெரியும். அதான் வந்தேன்."

அவன் கவிழ்ந்த வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தான். "ஒரு வாய் சோறு. அவ்வளவுதானா?"

தெக்லா பொய் சொல்ல நினைக்கவில்லை. "அவ்வளவுதான். ஆனா பொறவு மாத்த முடியாது."

ரெமிஜி குனிந்து கால் மணலைத் தட்டினான். பிறகு அவளுக்கு முன்னால் நடந்தான், வேகமாக, பெரிய பெரிய எட்டு வைத்து, அவள் பின்னால் வருகிறாளா என்று பாராமல்.

மதலேன் வாசலிலேயே சட்டியோடு நின்றாள். அவன் அவளுக்கு நாத்தனார் மகன். பிறந்த நாளிலிருந்து அவனை மருமகனே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அவன் வாயைத் திறந்தான். ஊட்டினாள். "மக்கா," என்றாள். அந்தச் சொல் முழுதாக வெளியே வரவில்லை, ஆனால் வந்தது.

சந்தியாகு எழுந்து கயிற்றை அவனிடம் கொடுத்தான். ரெமிஜி அதைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றினான். கட்டிலில் கிடக்கிறவன் மூச்சை இழுக்கவே இல்லை. எந்த நொடியில் அவனோடு சேர்ந்து இழுப்பது என்று தெரியவில்லை. ரெமிஜி அவன் காதருகே குனிந்தான். இதற்கு முன் அவனைத் தம்பி என்றுதான் அழைப்பான்.

"மச்சான்," என்றான். "மேல வாரும்."

இன்னாசியின் மூக்கு விடைத்தது. ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு மூச்சு உள்ளே போனது. ரெமிஜி தன் மூச்சை அதோடு சேர்த்து இழுத்துப் பிடித்தான். ஏற்கெனவே கயிறு பிடித்திருந்த பதினைந்து பேரும், ஒருவரும் சொல்லாமலே, மூச்சைப் பிடித்தார்கள். தெரு முழுக்கப் பிடித்தது. கயிறு விறைத்து, அதில் பல வருஷமாகக் காய்ந்திருந்த உப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும், ஒரு பெரிய மிருகம் எழுந்து விலகிப் போவதுபோல், வீட்டுக்குள்ளிருந்து வெளியே போயிற்று. பலூன் தேங்காய் அளவுக்கு நிறைந்து தலைமாட்டில் ஆடியது. இன்னாசி, வாய் திறந்து, கல்லாமுனையில் அதுவரை ஒருவரும் விடாத அவ்வளவு நீளமான ஒரு மூச்சை விட்டான். அது அறையின் சுவர்களில் பட்டு, வாசலில் நின்றவர்களின் முடியை அசைத்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எல்லாம் ஒரு பக்கமாகத் தூக்கியது. பிறகு உள்ளே இழுத்தான். தெக்லா அவன் நெஞ்சில் கையை வைத்தாள். அது அவள் கையைத் தூக்கியது.

தெரு மூச்சு விட்டது. சந்தியாகு விட்டான். ஆளுக்காள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள், சிரித்தார்கள். உபதேசியார் மணியடிக்க ஓடினார்.

ரெமிஜி கயிற்றை அவிழ்த்துப் பழையபடி சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, ஒருவரும் பார்க்காமல் வெளியே போய், வேலியோரம் குந்தி உட்கார்ந்திருந்தான். மூக்கிலிருந்து வழிந்ததை அவன் துடைக்கவில்லை. தெக்லா வாசலைத் தாண்டி, ஒதுங்கிப் போகாமல், நேரே அவன் முன்னால் போய் நின்றாள். முந்தானையைக் கொடுத்தாள்.

"அண்ணே," என்றாள். "வீட்டுக்குள்ள வந்து சாப்பிடு."

அவன் முந்தானையை வாங்கி மூக்கைத் துடைத்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"வாரேன் தங்கச்சி," என்றான். "கொஞ்சம் இரு. மூச்சு வரட்டும்."